லாரிக்குத் தொண்டை திறந்துவிடுவது எப்படி?

முதலில் கெட்ட செய்தி. உங்கள் லாரியில் சூப்பர்சார்ஜர் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் லாரியிலும் கிடையாது. கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை நெல் மூட்டை ஏற்றி ஓடுகிற எந்த வண்டியின் கேபினைச் சாய்த்துப் பார்த்தாலும் அகப்படாது. அகப்படுவது டர்போசார்ஜர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: என்ஜின் தன் போக்கில் இழுக்கிற காற்றோடு இன்னும் கொஞ்சம் காற்றை அமுக்கித் திணிப்பது. காற்று கூடினால் கூடுதல் டீசல் எரியும். கூடுதல் டீசல் எரிந்தால் லோடோடு மேம்பாலம் ஏறும்போது கியர் குறைக்க வேண்டியிருக்காது. வித்தியாசம், யார் சுற்றிவிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. டர்போவை, சைலன்சர் வழியாக வீணாய்ப் போகவிருந்த புகை சுற்றுகிறது. சூப்பர்சார்ஜரை என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. முன்னது பந்தியில் மிஞ்சியதைத் தின்று உழைக்கும். பின்னது முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் சத்தம் என்று வந்தால் முதல் பந்திக்காரருக்குத்தான் மவுசு. சூப்பர்சார்ஜர் வண்டி சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து ஊளையிடும். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே டிரக் என்றால் பத்துச் சக்கர லாரி அல்ல. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்கு 702 குதிரைத்திறன் வேண்டும் என்று நினைப்பவர்கள் வாங்கும் பிக்கப் வண்டி. ராம் 1500 டி.ஆர்.எக்ஸ். என்ற மாடல் 2021இல் அப்படித்தான் வந்தது, 6.2 லிட்டர் என்ஜின், தலைமேல் சூப்பர்சார்ஜர். கம்பெனி கொடுத்த ஊளை போதவில்லை என்று காற்றுக் குழாயில் சத்தத்தை அடக்க வைத்திருக்கும் பெட்டியைக் கழற்றி எறிவார்கள். இன்னும் ஆசை அடங்காதவர்கள், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் கப்பியைச் சின்னதாக மாற்றி அதன் வேகத்தை ஏற்றுவார்கள். இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு, ‘நம்ம வண்டியும் இப்படிக் கூவினா என்னண்ணே?’ என்று பட்டறையில் கேட்கிற டெல்டா லாரிக்காரர்களுக்காக இந்தக் கையேடு. படிப்படியாகச் சொல்கிறேன். மூன்றாவது படியை மட்டும் கடைசிக்கு முன்னால் வைத்திருக்கிறேன். வரிசைப்படி வைத்தால் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

முதல் படி: சாமான் தேடுதல்

விடாப்பிடியாக சூப்பர்சார்ஜர்தான் வேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. அதன் மூத்த தலைமுறைக்குப் பெயர் ரூட்ஸ் புளோயர். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்ற ஊரில் ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் என்று ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் 1860இல் காப்புரிமை வாங்கியது. அவர்கள் ஓடும் தண்ணீரிலிருந்து ஆலைக்குச் சக்தி எடுக்கத்தான் இயந்திரம் செய்யப் பார்த்தார்கள். அது காற்று ஊதுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டவே, இரும்பு உருக்கும் உலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1885இல் காட்லீப் டைம்லர் அதே எண்ணத்தை என்ஜினுக்குள் காற்றுத் தள்ளுவதற்கு எடுத்துக்கொண்டார். 1938இல் டெட்ராய்ட் டீசல் கம்பெனியின் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள் வந்தபோது, அந்த புளோயர் இல்லாவிட்டால் அவற்றுக்கு மூச்சே கிடையாது. அவை லாரியில் போனால் ஊருக்கே கேட்கும்.

டெல்டாவில் ரூட்ஸ் புளோயர் பார்க்க வேண்டுமானால் லாரி ஸ்டாண்டை விட்டுவிட்டுக் கடலோரம் போக வேண்டும். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தொட்டித் தண்ணீருக்குள் இராப்பகலாகக் காற்று ஊதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். நல்ல விலை சொன்னால் உரிமையாளர் மனம் இளகலாம். புளோயரைக் கழற்றிய பிறகு இறால் குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி இந்தக் கையேடு பொறுப்பேற்காது. கொண்டு வந்து மாட்டினால், நெல் மூட்டை இழுப்பதற்காக வைத்திருக்கும் குதிரைத்திறனில் ஒரு பங்கை அது முதல் பந்தியில் எடுத்துக்கொள்ளும். மைலேஜ் குறையும். சத்தம் பிரமாதமாக இருக்கும்.

இவ்வளவு தூரம் போகத் துணிவில்லாதவர் டர்போவோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அதற்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பியூஷி 1905இல் காப்புரிமை வாங்கினார். நம் லாரிகளில் அது சாதாரணமாகக் கிடைப்பது புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகுதான். ஆக நமக்கு டர்போவைத் தந்தது வேக ஆசை அல்ல, புகைச் சட்டம். அதன் விசிலைக் கேட்டு மயங்குகிற எவரும் அந்தச் சட்டத்துக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாவது படி: விசிலின் கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

இதைத் தாண்டிப் போக ஆசையாக இருக்கும். போகாதீர்கள். பணம் மிச்சமாகிற ஒரே இடம் இதுதான்.

டர்போவின் உள்ளே காற்றை அமுக்கும் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். முழு லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும். ஒரு லட்சத்தை 60ஆல் வகுத்தால் நொடிக்கு 1,667 சுற்று. சக்கரத்தில் 12 இறக்கை இருந்தால் நொடிக்கு 20,000 தடவை காற்றை வெட்டுகிறது. அந்தச் சத்தத்தின் சுருதி 20,000 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லை அங்கேதான் முடிகிறது. அதுவும் சின்னப் பிள்ளைகளின் காதுக்கு. நாற்பது வயது தாண்டிய லாரி ஓனருக்கு 15,000க்கு மேல் கேட்டாலே பெரிது. ஆக, காசைக் கொட்டி டர்போவை உச்ச வேகத்துக்கு விரட்டினால் அதன் பாட்டைக் கேட்டு ரசிக்கப் போவது தெருநாயும் வௌவாலும். நமக்குக் கேட்கிற விசில், சக்கரம் அதைவிட மெதுவாகச் சுற்றும்போது வருவதும், தண்டின் சுற்றில் இருக்கும் மிகச் சிறிய ஏற்றத்தாழ்விலிருந்து வருவதும்தான். கம்பெனிக்காரர்கள் அந்த ஏற்றத்தாழ்வைத் தேய்த்துத் தேய்த்துக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். நீங்கள் அவர்களுக்கு எதிர்க்கட்சி.

இன்னொரு கணக்கு. சத்தத்தை அளக்கும் டெசிபல் கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. 10 டெசிபல் ஏறினால்தான் காதுக்கு ‘இரண்டு மடங்கு’ என்று படும். அந்த 10 டெசிபலுக்குச் சத்தத்தின் சக்தி பத்து மடங்காக வேண்டும். உங்கள் லாரி இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால், மொத்தம் பத்து லாரிகளை ஒரே சமயத்தில், ஒரே இடத்தில், ஒரே கியரில் மிதிக்க வேண்டும். அம்மாப்பேட்டை ரோட்டில் அதற்கு அகலம் கிடையாது.

நான்காவது படி: தொண்டை திறத்தல்

டர்போ சத்தம் வெளியே கேட்காததற்கு முதல் காரணம் ஏர் ஃபில்டர் பெட்டி. அதைக் கழற்றி, டர்போவின் வாயைக் காற்றாடத் திறந்துவிட்டால் விசில் அப்படியே வெளியே வரும். செலவு எதுவும் இல்லை. பத்து நிமிட வேலை. செல்போனில் பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: நாம் இருப்பது டெல்டா.

சம்பா அறுவடை தை, மாசியில். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில், மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. களத்தில் இடமில்லாதவர் நெல்லைக் கொண்டு வந்து கொட்டிக் காயவைப்பது எங்கே? சாலையில். தார்ச் சாலையின் பாதி அகலத்துக்கு மஞ்சளாய் நெல், ஓரத்தில் காவலுக்குக் கல், நடுவில் காலால் கிளறிக்கொண்டு போகிற அம்மா. அறுவடை இயந்திரம் ஒரு பக்கம் வைக்கோலைத் துப்பிக்கொண்டிருக்கும். காற்றில் மிதப்பது தூசி மட்டுமல்ல. கருக்காய், சுணை, வைக்கோல் துணுக்கு. சுணை என்றால் என்ன என்று களத்தில் நெல் தூற்றிய எவருடைய முதுகையும் கேளுங்கள். அந்தச் சுணையை, நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவை சுற்றுகிற அலுமினியச் சக்கரத்துக்கு நேராக ஊட்டப் போகிறீர்கள்.

சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் பட்டால் இறக்கையின் விளிம்பு தேயும். சமநிலை கெடும். சமநிலை கெட்டால் விசில் கூடும்! இந்த இடத்தில் நீங்கள் சந்தோஷப்படலாம், கேட்டது கிடைத்துவிட்டது. சில வாரம் கழித்து அதே ஆட்டத்தால் தண்டின் எண்ணெய் சீல் போகும். டர்போவுக்கு ஊற்றின என்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். டீசல் என்ஜினுக்கு ஒரு நல்ல குணம்: எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்காது. தன் சொந்த ஆயிலையே குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடத் தொடங்கும். பழைய வண்டியில் சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும் நிற்காது. அது குடிப்பது டீசலே இல்லையே. காற்று வரும் வழியை எதையாவது வைத்து அடைத்தால்தான் அடங்கும். அப்படி அடைப்பதற்கு வாகாக அங்கே ஒரு ஃபில்டர் பெட்டி இருந்தது. அதை வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறீர்கள்.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் இவ்வளவு நாடகம் நடக்காது. அதில் காற்றுக்கும் புகைக்கும் வழி நெடுகக் காவல்காரர்கள் போல சென்சார்கள். கணக்கில் வராத காற்று ஒரு மூச்சு உள்ளே போனாலும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியலாம். பிடிவாதம் பிடித்தால் கம்ப்யூட்டர் என்ஜினின் பலத்தையே குறைத்துவிடும். லோடு வண்டி மாட்டு வண்டி வேகத்தில் நகரும். சத்தத்துக்காகச் செய்தது, சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பையன் உங்களை முந்திக்கொண்டு போவதில் முடியும்.

ஐந்தாவது படி: ஸ்க்ரூடிரைவர் வழி

ஃபில்டரைத் தொடப் பயமாக இருந்தால் இதைவிட எளிய வழி உண்டு. டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் ஹோஸில் இரண்டு முனையிலும் கிளாம்ப் இருக்கும். ஒன்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வண்டி மிதித்தவுடன் ‘க்வீஈஈ’ என்று ஊரைக் கிழிக்கிற விசில் வரும்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அனுபவப்பட்ட மேஸ்திரியிடம் ‘டர்போ சத்தம் திடீர்னு கூடிடுச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முதலில் கை வைத்துத் தடவுவது ஹோஸைத்தான். எங்கே வெடிப்பு, எங்கே கிளாம்ப் லூஸ் என்று தேடுவார். அந்த விசில், சிலிண்டருக்குள் போய் வேலை செய்திருக்க வேண்டிய காற்று, நடுவழியில் இறங்கி ஓடுகிற சத்தம். காற்று குறைந்து, டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை தள்ளும். இழுவை போய்விடும். பழுது என்று மேஸ்திரி சரி செய்து காசு வாங்குவதை, நீங்கள் அலங்காரம் என்று காசு கொடுத்துச் செய்யப் போகிறீர்கள். என்னைக் கேட்டால் சத்தம் கூட்டும் வித்தையின் முழு ரகசியமும் இந்த ஒரு கிளாம்பில் இருக்கிறது. மற்றதெல்லாம் விலை ஏற ஏற இதையே சுற்றி வளைத்துச் செய்வது.

சைலன்சர் முனையில் செருகுகிற சின்ன அலுமினிய விசில் ஒன்றும் விற்கிறார்கள். டர்போவே இல்லாத பழைய லேலண்ட் காமெட்டுக்குக்கூட அதைச் செருகினால் டர்போ சத்தம் வரும். இதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பொய் மீசைக்கும் ஒரு தகுதி வேண்டும்.

இன்னொரு வகை ஆசைக்காரர்கள், கியர் மாற்றும்போது ‘புஸ்’ என்று வர வேண்டும் என்பார்கள். அது பெட்ரோல் வண்டிகளில் டர்போ காற்றை வெளியேற்றும் வால்வு. டீசலில் அதற்கு அவசியமே இல்லை. ஆனால் அந்த ‘புஸ்’ உங்கள் லாரியில் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது: ஏர் பிரேக். டீக்கடை முன்னால் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் ஒருதரம் தலை நிமிர்வார். இந்தக் கையேட்டில் சொன்னதிலேயே சட்டத்துக்கு உட்பட்ட ஒரே சத்தம் இதுதான்.

ஆறாவது படி: எங்கே, யாருக்கு?

சத்தம் தயார். கேட்க ஆள் வேண்டாமா? டெல்டா லாரியின் வாழ்க்கையில் பெரும்பகுதி ஓட்டத்தில் கழிவதில்லை, நிற்பதில் கழிகிறது.

தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் ஏற்றுகிற சரக்கு ரயில் முன்னும் பின்னுமாகப் போய்வர, கேட் மூடியே கிடக்கும். மேம்பாலம் வேண்டும் என்று ஊர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். கேட்டின் இரு பக்கமும் பஸ், லாரி, வேன், ஆம்புலன்ஸ், வேர்க்கடலை விற்கிறவர், வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் என்று கூட்டமான கூட்டம். இதைவிடப் பெரிய சபை கிடைக்காது. ஆனால் இங்கேதான் டர்போ உங்களைக் கைவிடும். ஐடிலிங்கில் புகைக்கு வேகம் இல்லை. புகைக்கு வேகம் இல்லாவிட்டால் டர்போவுக்குக் குரல் இல்லை. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கலாம். லோடு இல்லாத மிதிக்கு ஏதோ முனகும், டீசல் போகும், முன்னால் நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து விசாரிப்பார். சூப்பர்சார்ஜராக இருந்தால் நின்ற இடத்திலும் ஊளையிட்டிருக்கும். இறால் பொரிப்பகத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கக் கூடாது.

கேட் தாண்டினால் கொள்முதல் நிலையம். 40 கிலோ சிப்பங்கள் அட்டி அடுக்கி, தார்ப்பாய் போட்டு, மேலே டயர் வைத்துக் கிடக்கும். அங்கிருந்து சேமிப்பு நிலையத்துக்கோ ரயிலடிக்கோ கொண்டுபோவதற்கு இயக்கம் என்று பெயர். 2025 அக்டோபரில் குறுவை நெல் அட்டி அட்டியாகத் தேங்கி, மழை பிடித்துக்கொண்டு, இயக்கம் எப்போது என்று டெல்டா முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது நினைவிருக்கலாம். அந்த மாதிரி நாளில் லாரி வந்தால் அது எப்படிச் சத்தம் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. விசில் இல்லாமல், சைலன்சர் முழுதாக, பூனை மாதிரி வந்து நின்றாலும் ‘லாரி வந்துருச்சு’ என்று கடைசி வயல் வரை செய்தி போய்விடும். வந்த லாரி வரிசையில் நிற்கும். இறக்கப் போன இடத்தில் மறுபடி வரிசை. என்ஜின் அணைத்து, கேபினில் படுத்து, கிளீனரை டீ வாங்க அனுப்பி... இத்தனை மணி நேரமும் உங்கள் டர்போ கல்லுப்பிள்ளையார்.

ஓடும்போது கேட்பவர் யார்? முழுநேர ரசிகர் ஒருவர்தான். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது காது காக்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒரு மணி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள்ளேயே அந்த ஒரு மணி முடிந்துவிடும். அதையே சில வருடம் செய்தால் உயர்ந்த சுருதிகள் முதலில் காதைவிட்டுப் போகும். அப்போது ‘டர்போ சத்தம் குறைஞ்சிடுச்சே’ என்று தோன்றும். நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இங்கே ஒரு நாதஸ்வரக் கதை. அதுவும் குழாயில் காற்று ஊதிச் சத்தம் எழுப்புகிற வித்தைதானே, அதனால் பாடத்துக்கு வெளியே அல்ல. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன்னால் வாசித்தது திமிரி நாதஸ்வரம். குட்டை, சுருதி உச்சம், நாலு வீதிக்கும் கிழித்துக்கொண்டு கேட்கும். மைக் இல்லாத காலத்தில் அது பெரிய வசதி. ராஜரத்தினம் பிள்ளை அதை விட்டுவிட்டு நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு மாறினார். அவருக்கு அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. குழாய் நீண்டது, சுருதி இறங்கியது, கார்வை வந்தது. 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது டெல்லியில் வாசிக்க அழைத்ததும் அவரைத்தான். இன்று நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, 2022இல் கிடைத்தது. டெல்டாவில் குழாயைத் திருத்திப் பேர் வாங்கிய ஒரே பட்டறை அதுதான், அங்கேயும் திருத்தியது சுருதியைக் கீழே இறக்குவதற்கு. நம் லாரிப் பட்டறைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, வண்டி ஹாரன்களில் இந்திய வாத்தியங்களின் ஒலியே வர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரும் யோசனையை 2021இல் சொன்னார், 2025இலும் சொன்னார். புல்லாங்குழல், தபேலா, வயலின், ஹார்மோனியம் என்று செய்திகளில் பட்டியல் வந்தது. தவிலும் நாதஸ்வரமும் கண்ணில் படவில்லை. தஞ்சாவூர் எம்.பி. யாராக இருந்தாலும் இதைக் கவனிக்க வேண்டும். மல்லாரி வாசித்துக்கொண்டே ஒரு டாரஸ் லாரி கீழவாசலுக்குள் நுழைகிற நாளுக்காக நான் காத்திருக்கிறேன். வழி விடாமல் எவன் நிற்பான்?

மூன்றாவது படி: சட்டம்

சொன்னேன் அல்லவா, கடைசிக்கு முன்னால் என்று.

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவின் 4ஆவது உட்பிரிவு அதற்கான விலைப்பட்டியல்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்பதை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் ஒன்று, சைலன்சர் விசில் இரண்டு, இறால் பொரிப்பகத்து புளோயர் மூன்று. 194எஃப் பிரிவு, தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கும், சைலன்சர் வழியாக இல்லாமல் புகையை வேறு வழியில் விடுவதற்கும் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000. இரைச்சல் அளவை மீறினால் 190ஆவது பிரிவில் 10,000 வரை போகும். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். பல சுருதி ஹாரன், காதைக் கிழிக்கிற ஹாரன் எதுவும் கூடாது என்பது 1989ஆம் வருட விதிகளில் 119ஆவது. அதைப் படித்தபடியேதான் நம் ஊர் ஏர் ஹாரன் கடைகள் ஜாம் ஜாம் என்று நடக்கின்றன.

2000ஆம் வருட ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தை ஊரில் கேட்கிற முதல் சத்தங்களில் ஒன்று, ஏதோ ஒரு பஸ்ஸின் ஏர் ஹாரனாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு. அந்தக் குழந்தைதான் பின்னால் வளர்ந்து உங்களிடம் கிளீனராக வந்து, ‘அண்ணே, டர்போ சத்தம் பத்தலை’ என்கிறது.

ஏழாவது படி: எஃப்.சி.

எட்டு வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருதரம், அதற்கு மேற்பட்டதற்கு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும். ஆகவே அதற்கு முந்தின நாள், மேலே சொன்ன படிகளை எல்லாம் தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். அலுமினிய விசிலை உருவுங்கள். புகையில் இறுகிப் போயிருக்கும், சுத்தியல் வேண்டும். கிளாம்பை முறுக்குங்கள். திண்ணையில் இருக்கிற ஃபில்டர் பெட்டியைத் தேடுங்கள். வீட்டில் அதில் விதை உளுந்து போட்டு வைத்திருந்தால், உளுந்துக்கு வேறு பாத்திரம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் ஹாரனைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். இன்ஸ்பெக்டர் முதலில் பார்க்கிற இடம் அது.

மாட்டியதற்கு ஒரு கூலி, கழற்றியதற்கு ஒரு கூலி, எஃப்.சி. முடிந்து மறுபடி மாட்டுவதற்கு ஒரு கூலி என்று மேஸ்திரி சீட்டில் எழுதுவார். எஃப்.சி.க்கு முதல் நாள் பட்டறை வாசலில் எப்போதுமே லாரிகள் வரிசையில் நிற்கும், அதனால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர், ‘இப்ப இழுவை நல்லாருக்குல்ல?’ என்று கேட்பார். பதில் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.